கத்தி படாத வேதம்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வெளியே வரும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலரின் கையில் ஒரு சிறிய அட்டை இருக்கும். புத்தாண்டுக்கான வாக்குத்தத்த வசனம் அதில் அச்சாகியிருக்கும். சில சபைகளில் தட்டில் குவித்து வைத்த அட்டைகளிலிருந்து ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வதும் உண்டு. அந்த அட்டை பிறகு வேதாகமத்தின் நடுவிலோ, பீரோ கண்ணாடியின் ஓரத்திலோ, வண்டியின் முகப்பிலோ ஆண்டு முழுவதும் இருக்கும். நோயிலும் கடனிலும், பிள்ளைகளின் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் காலையிலும் அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றவர்கள் ஏராளம். அந்தப் பிடிமானத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வசனத்தோடு மட்டும் வாழ்கிற விசுவாசம், பல நேரங்களில் தன் ஆசையையே கடவுளின் குரலாகக் கேட்டுக்கொண்டிருக்கும். வேதத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கும்போதுதான், நாம் கேட்காத கேள்விகளை அது நம்மிடம் கேட்கத் தொடங்குகிறது. அந்த நெருக்கடிதான் விசுவாசத்தை வளர்க்கிறது என்பது என் வாதம்.

வசனம் என்ற அலகே பிற்காலத்தில் வந்தது. ஏசாயா எண் போட்டு எழுதவில்லை. பவுலும் தன் கடிதங்களை எண் போட்டுப் பிரிக்கவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானவை. பாரிஸில் ஆசிரியராக இருந்து பின்னர் கேன்டர்பரி பேராயரான ஸ்டீபன் லாங்டனின் வேலை அது என்பார்கள். புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்களைப் போட்டு அச்சிட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகர், ஆண்டு 1551. தேடி எடுக்க வசதியாகப் போட்ட எண்கள் அவை. அந்த வசதி இல்லாமல் இன்று ஒரு பிரசங்கம்கூட நடக்காது. ஆனால் எண் வந்த பிறகு, ஒவ்வொரு வாக்கியமும் தனக்கு முன்னும் பின்னும் எதுவும் இல்லாததுபோலத் தனியே எழுந்து நிற்கத் தொடங்கியது. அட்டையில் அச்சிட ஏற்றதாகவும் ஆகிவிட்டது.

இதனால் என்ன நேர்கிறது என்பதற்கு எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளலாம். நன்மையான எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் கடவுள் வாக்களிக்கும் அந்த வசனம் தொங்காத கிறிஸ்தவ வீடு அரிது. அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி. கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து அரசனையும் கைவினைஞர்களையும் பெரிய மனிதர்களையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் சென்றான். அவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொருவர் வருகிறார். அவரும் கர்த்தரின் பெயரால்தான் பேசுகிறார். இரண்டே ஆண்டுகளில் எல்லோரும் திரும்பிவிடுவீர்கள் என்று சொல்லி, எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தை எடுத்து எல்லோர் முன்னும் உடைக்கிறார். மக்கள் கேட்க விரும்பியது அதைத்தான். எரேமியாவின் கடிதமோ, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் எடுங்கள், பெண் கொடுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்த நகரத்தின் நலனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறது. திரும்பி வர எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறது பத்தாம் வசனம். அதற்கு அடுத்ததுதான் நாம் சுவரில் மாட்டியிருக்கும் பதினோராம் வசனம். கடிதத்தைப் பிரித்துக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்ட நம்பிக்கை அவர்களின் பேரப்பிள்ளைகள் வழியாக நிறைவேற வேண்டியது. ஊரிலிருந்து வந்த கடிதத்தில் பிடித்த ஒரு வரியை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டு மற்றதை எரித்துவிட்டால் என்ன மிஞ்சுமோ, அதுதான் இங்கே நம் கையில் மிஞ்சியிருக்கிறது. எரேமியாவின் வரியை வைத்துக்கொண்டு அனனியாவின் செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். முழுக் கடிதத்தையும் வாசித்தவருக்கு அந்த வாக்குறுதி இன்னும் ஆழமாகத்தான் தெரியும். விரைவில் விடியாத இரவிலும் தோட்டம் போடச் சொல்கிற கடவுள் அதில் இருக்கிறார். தீராத நோயோடு பல ஆண்டுகளாக வாழ்கிறவருக்கு அனனியாவிடம் ஒன்றும் இல்லை, எரேமியாவிடம் இருக்கிறது.

யோபு 8:7 இதைவிடச் சிக்கலானது. தொடக்கம் சிறியதானாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்ற பொருளில் வரும் அந்த வசனத்தைப் புதிய கடைத் திறப்பிலும் வீடு பிரதிஷ்டையிலும் காணலாம். அதைச் சொன்னவர் பில்தாத், யோபைத் தேடி வந்த மூன்று நண்பர்களில் ஒருவர். அதற்கு மூன்று வசனங்கள் முன்பு, பிள்ளைகளைப் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தகப்பனிடம், உன் பிள்ளைகள் செத்தது அவர்கள் செய்த பாவத்தினால்தான் என்று பேசியவரும் அவரே. நூலின் கடைசி அதிகாரத்தில் கடவுள், இந்த நண்பர்கள் தன்னைப் பற்றிச் சரியானதைப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். யோபின் பின்னாட்கள் முன்னாட்களைவிடச் செழித்தன என்று அதே அதிகாரம் சொல்வதும் உண்மை. எனவே பில்தாதின் வாக்கு பொய்யாகவில்லை என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அவர் அந்த வாக்கைச் சொன்ன நியாயம், அதாவது நல்லவன் செழிப்பான், துன்பப்படுகிறவன் தவறு செய்திருப்பான் என்ற கணக்கு, நாற்பத்திரண்டு அதிகாரங்களில் உடைத்துப் போடப்படுகிறது. வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறவர் தெரியாமலே அந்தக் கணக்கையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார். பிறகு கடையில் நஷ்டம் வரும்போது அந்தக் கணக்கு அவர்மேலேயே திரும்புகிறது. வசனத்தை இடம் பெயர்த்து எடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சுவிசேஷமே காட்டுகிறது. மத்தேயு 4-ல் தேவாலயத்தின் உச்சியில் நின்று, தேவதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்ற 91ஆம் சங்கீதத்தின் வாக்குறுதியை இயேசுவிடம் எடுத்துச் சொல்கிறவன் சோதனைக்காரன். இயேசு அந்த மூன்று சோதனைகளுக்கும் பதில் எடுப்பது உபாகமத்திலிருந்து. வாசிக்கத் தொடங்குகிறவர்கள் பலர் எட்டாமலே நின்றுவிடுகிற நூல் அது.

தனிமனிதரின் ஏமாற்றத்தோடு இது நின்றால்கூடப் பரவாயில்லை. வேதத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அதிகாரத்தின் கையில் சிக்கியபோது என்ன ஆனது என்பதற்கு அச்சில் சாட்சி இருக்கிறது. 1807-ல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சிடப்பட்டது. பிரிட்டனின் மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களுக்காகத் ‘தேர்ந்தெடுத்த பகுதிகள்’ என்று அதன் முகப்பிலேயே போட்டிருந்தார்கள். புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். அந்தப் புத்தகத்தில் இருந்தவை 232. அடிமையாக விற்கப்பட்டும் எஜமானுக்கு உண்மையாக உழைத்த யோசேப்பின் கதை இருந்தது. எகிப்தின் செங்கல் சூளைகளிலிருந்து ஒரு ஜனம் விடுதலையாகி வெளியேறிய கதை இல்லை. வேலைக்காரர்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியர் நிருபம் சொல்வது இருந்தது. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுயாதீனன் என்றும் இல்லை என்று கலாத்தியர் நிருபம் சொல்வது இல்லை. அதில் அச்சான ஒரு வரிகூடப் போலி கிடையாது. எல்லாம் வேதத்தில் உள்ளவையே. விட்டுவிட்டதில்தான் பொய் இருந்தது. எஜமான்கள் எவ்வளவு மறைத்தாலும் யாத்திராகமம் அடிமைகளின் காதுக்கு எட்டிவிட்டது என்பதும் வரலாறு. அமெரிக்காவின் தென்பகுதியில் அவர்கள் பாடிய பாடல்களில் மோசேயும் பார்வோனும் நிறைந்திருந்தார்கள். தப்பியோடியவர்களை வடக்கே அழைத்துச் சென்ற ஹாரியட் டப்மனுக்கு மக்கள் வைத்த பெயரே மோசே. எந்தப் பகுதியை வாசிக்கவிடாமல் தடுத்தார்கள் என்று பார்த்தாலே, அந்தப் பகுதிக்கு எவ்வளவு வலு என்று தெரிந்துகொள்ளலாம்.

வேதத்துக்குள்ளேயே இப்படி ஒரு காட்சி இருக்கிறது. எரேமியா 36-ல் யோயாக்கீம் ராஜா குளிர்காலத்தில் கணப்பின் அருகே உட்கார்ந்திருக்கிறான். தீர்க்கதரிசியின் சுருளை வாசிக்கக் கேட்கிறான். மூன்று நான்கு பத்திகள் வாசித்ததும் சூரிக்கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போடுகிறான். சுருள் தீரும்வரை அப்படியே செய்கிறான். கத்தியை எடுத்தவர்கள் எல்லாரும் அவனைப் போலக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் தம் முதுமையில், 1820 வாக்கில், சுவிசேஷப் பக்கங்களைக் கத்தியால் வெட்டி, அற்புதங்களையும் உயிர்த்தெழுதலையும் விலக்கி, தமக்குச் சரியென்று பட்ட போதனைகளை மட்டும் ஒட்டி ஒரு புத்தகம் செய்துகொண்டார். மரியாதையோடும் கவனத்தோடும் செய்த வேலை அது. ஆனால் அந்தப் புத்தகத்தில் ஜெஃபர்சனை மீறிப் பேசக்கூடிய ஒரு வரி மிஞ்சியிருக்குமா என்று யோசிக்க வேண்டும். நாம் கத்தி எடுப்பதில்லை. பிடித்த சங்கீதத்தையும் பிடித்த சுவிசேஷத்தையும் திரும்பத் திரும்பப் புரட்டி, மற்றப் பக்கங்களைப் புதுத்தாள் மணம் மாறாமல் வைத்திருக்கிறோம். வெட்டியதற்கும் இதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் கிடையாது.

இங்கே ஒருவர் நியாயமாகவே கேட்கலாம்: இயேசுவே தேர்ந்தெடுத்துத்தானே வாசித்தார்? லூக்கா 4-ல் நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் சுருளைத் திறந்து, தரித்திரருக்கு நற்செய்தியும் சிறைப்பட்டவருக்கு விடுதலையும் அறிவிக்கும் பகுதியை வாசிக்கிறார். கடவுள் பழிவாங்கும் நாளைப் பற்றிய சொற்கள் வருவதற்கு முன்பே நிறுத்திச் சுருளை மூடிவிடுகிறார். இது வலுவான ஆட்சேபம். ஆனால் அந்த அதிகாரத்தை இன்னும் பத்து வசனம் வாசித்தால் விஷயம் வேறாகத் தெரியும். ஏசாயாவைக் கேட்ட ஊரார் மகிழ்ந்துபோகிறார்கள். உடனே இயேசு அவர்களுக்கு இராஜாக்களின் புத்தகங்களிலிருந்து இரண்டு கதைகளை நினைவுபடுத்துகிறார். பஞ்சகாலத்தில் இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருந்தும் எலியா அனுப்பப்பட்டது சாரிபாத்திலிருந்த அந்நியப் பெண்ணிடம். எலிசாவின் நாளில் எத்தனையோ குஷ்டரோகிகள் இருந்தும் சுகம் பெற்றவன் சீரியப் படைத்தலைவன் நாகமான். அவர்கள் அறிந்த கதைகள்தாம், சிந்திக்க மறுத்த கதைகள். அதைக் கேட்டதும் அவரை மலைச் சரிவிலிருந்து தள்ளிவிட இழுத்துப் போகிறார்கள். பிடித்த வசனத்துக்கு மகிழ்ந்தவர்கள், அதே வேதத்தின் பிடிக்காத பக்கத்துக்குக் கொலைவெறி கொள்கிறார்கள். முழுவதையும் உள்வாங்கிய ஒருவர் எங்கே நிறுத்துவது என்று அறிந்து நிறுத்தலாம். வாசிக்காதவர் நிறுத்துவதற்கு அந்த உரிமை இல்லை.

சலிப்பு என்ற ஆட்சேபம் எளிமையானது, ஆனால் நடைமுறையில் இதுதான் பலரைத் தோற்கடிக்கிறது. ஜனவரியில் உற்சாகமாக ஆதியாகமத்தைத் தொடங்குகிறவர், யாத்திராகமத்தின் பிற்பகுதியில் ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகளையும் திரைகளையும் அளந்து அளந்து களைத்து, லேவியராகமத்தின் பலிமுறைகளில் நின்றுவிடுகிறார். கத்தோலிக்கர்கள் ‘விடுதலைப் பயணம்’ என்று அழைக்கும் நூலின் பெயருக்கும் அந்தக் கொளுவி, வளையப் பட்டியல்களுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பிறரை நம்மைப்போல நேசிக்க வேண்டும் என்ற கட்டளை முதலில் எழுதப்பட்டது மலைப்பிரசங்கத்தில் இல்லை, லேவியராகமம் 19-ல். அதே அதிகாரத்தில்தான் கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதே என்பதும், அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவை என்பதும் வருகின்றன. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் மோவாபிய விதவையான ரூத்துக்குப் போவாசின் வயலில் கதிர் பொறுக்க இடமில்லை. எண்ணாகமத்தின் மக்கள்தொகைக் கணக்குகளுக்கு நடுவே 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள், ஆண்பிள்ளை இல்லாத எங்கள் தகப்பனின் பங்கை எங்களுக்குத் தாருங்கள் என்று மோசேயின் முன் வந்து நிற்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று கடவுளே சொல்கிறார். பெண்களின் சொத்துரிமை இன்னும் சண்டையாக இருக்கும் நம் ஊரில், இந்தப் பக்கத்துக்கு ஏன் ஒரு காலண்டர் தாள்கூடக் கிடைக்கவில்லை என்று எனக்கு வியப்பு. பொறுமையாகப் பட்டியல்களைக் கடந்து வருகிறவருக்கு மத்தேயு முதல் அதிகாரமும் வேறாகத் தெரியும். ஆண்களின் பெயர்களாக ஓடும் அந்த வம்ச அட்டவணையில் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி என்று நான்கு பெண்கள் ஏன் குறுக்கிடுகிறார்கள் என்பது அவர்களின் கதைகளை முன்பே வாசித்தவருக்குத்தான் அதிர்ச்சியாக இருக்கும்.

ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீன், கிறிஸ்தவப் போதனை பற்றி 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய நூலில் இதற்கு ஒரு வழி சொல்கிறார். முதலில் எல்லா நூல்களையும் வாசித்துவிடு. புரியாவிட்டாலும் அவை அந்நியமாக இல்லாதபடி அறிமுகமாகட்டும். பிறகு தெளிவான இடங்களைக் கொண்டு மங்கலான இடங்களை விளக்கு என்பது அதன் சாரம். புரிந்த பிறகுதான் வாசிப்பேன் என்று காத்திருப்பவர்களுக்கு இது நல்ல மருந்து. புரியாமலே ஓதத் தொடங்குவது தமிழ் மண்ணுக்குப் புதிதும் இல்லை. திருவாசக முற்றோதலில் காலை தொடங்கி மாலைவரை உட்கார்ந்திருப்பவர்களும், ரமலானில் குர்ஆனை ஒருமுறையாவது முழுவதும் ஓதி முடிப்பவர்களும் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

சலிப்பைவிடக் கடினமானது வன்முறை. யோசுவாவின் நூலில் நகரங்கள் மக்களோடு அழிக்கப்படுகின்றன, அதுவும் கடவுளின் கட்டளை என்றே சொல்லப்படுகிறது. நியாயாதிபதிகள் 19-ல் ஒரு பெண்ணுக்கு நேர்வதை வாசித்துவிட்டு இயல்பாக ஜெபத்துக்குப் போக முடியாது. 137ஆம் சங்கீதம் பாபிலோன் ஆறுகளின் ஓரத்து அழுகையில் தொடங்கி, எதிரியின் குழந்தைகளைப் பாறையில் மோதும் விருப்பத்தில் முடிகிறது. இதையெல்லாம் சாதாரண விசுவாசியின் கையில் ஏன் கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்வி பழையது. 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் பழைய ஏற்பாட்டையே விலக்கிவிட்டு, திருத்திய லூக்காவும் பவுலின் பத்துக் கடிதங்களும் போதும் என்றார். ரோமாபுரிச் சபை அவரை விலக்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கத்தோலிக்கத் திருச்சபையும், குருக்களும் துறவியரும் நாள்தோறும் ஓதும் செபநூலிலிருந்து 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களை விட்டுவிட்டது; வேதாகமத்தில் அவை அப்படியே இருக்கின்றன. பொதுவில் ஓதும் நூலுக்கு அப்படி ஒரு முடிவு நியாயமே என்று ஏற்கலாம். தனி வாசிப்பில் அவற்றைத் தவிர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 137ஆம் சங்கீதத்தில் இருப்பது, நகரத்தையும் குழந்தைகளையும் இழந்து அகதியானவர்களின் ஆத்திரம். கடவுளின் முன்னால் கொட்டப்பட்டதால்தான் அது ஜெபமாக இருக்கிறது. போரில் எல்லாவற்றையும் இழந்த மக்களோடு வாழ்ந்திருக்கும் எந்தச் சமூகத்துக்கும் அந்தச் சங்கீதம் அந்நியமாகத் தெரியாது.

யோசுவாவுக்கு அப்படி ஒரு எளிய விளக்கம் என்னிடம் இல்லை. இருப்பதாகச் சொல்கிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனால் அந்த நூலைத் தனியே உருவியவர்கள் என்ன செய்தார்கள் என்பது தெரியும். அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர் பலர் தங்களை இஸ்ரவேலராகவும் பூர்வகுடிகளைக் கானானியராகவும் கண்டார்கள். முழு வேதத்தையும் வாசிக்கிறவர் அங்கே நிற்க முடியாது. அதே நூலின் தொடக்கத்தில் கானானியப் பெண் ராகாப் காப்பாற்றப்படுகிறாள். மோவாபியர் சபைக்குள் வரக்கூடாது என்கிறது உபாகமம் 23. மோவாபிய ரூத் தாவீதின் கொள்ளுப்பாட்டி என்கிறது ரூத்தின் நூல். நினிவேயின் வீழ்ச்சியில் நாகூம் களிக்கிறார். அதே நினிவேயின் மக்களுக்காகவும் மிருகஜீவன்களுக்காகவும் பரிதபிக்கக் கூடாதோ என்று யோனாவிடம் கடவுள் கேட்கிறார். கானானியரைத் துரத்திய அதே காரணத்துக்காக இஸ்ரவேலும் தேசத்திலிருந்து துரத்தப்படும் என்று தீர்க்கதரிசிகள் அறிவிக்கிறார்கள், கி.மு. 586-ல் எருசலேம் எரிகிறது. வேதம் தனக்குள்ளே விவாதித்துக்கொள்ளும் நூல். ஒரு தரப்பை மட்டும் கேட்பவர் கையில் அது ஆயுதமாகிவிடும்.

கடமைக்காக முடிப்பதைப் பற்றி எச்சரிக்கிறவர்களும் உண்டு. அதிகாரங்களை எண்ணி, அட்டவணையில் கோடு போட்டு, ஆண்டு முடிவில் சாதித்துவிட்டேன் என்று சொல்வதில் பக்தி எங்கே? இதை முதலில் உணர்ந்தவர் அப்படி ஓர் அட்டவணையை உருவாக்கியவரே. ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் போதகராக இருந்த ராபர்ட் மரே மெக்செய்ன் 1842-ல் தம் சபைக்கு ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்தார். நாளுக்கு நான்கு அதிகாரங்கள். ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறை. அதோடு, இந்த முறையில் வரக்கூடிய ஆபத்துகளையும் அவரே எழுதினார்: சடங்காகிவிடலாம், சுயநீதி தலைதூக்கலாம், கவனமின்றி ஓட்டலாம், சிலருக்குத் தூக்க முடியாத சுமையாகலாம். அடுத்த ஆண்டே, 29 வயதில், அவர் காய்ச்சலில் இறந்துபோனார். அவரது திட்டம் இன்றும் உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. அந்த எச்சரிக்கைகள் அந்த அளவுக்குப் பரவவில்லை. ஓராண்டு என்ற கெடு வேதத்தில் எங்கும் இல்லை. இரண்டு, மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டு வாசிப்பவர் எதையும் இழக்கப் போவதில்லை. ஆனால் மனம் வரும்போது வாசிப்பேன் என்பவரின் மனம், மறுபடி மறுபடி 23ஆம் சங்கீதத்துக்கே போகும். பிடிக்காத பக்கத்துக்கு நம்மைக் கூட்டிப்போக ஒரு வரிசை தேவைப்படுகிறது. அட்டவணையின் பயன் அவ்வளவுதான்.

தனியே வாசிப்பவர் தன்னிச்சையான பொருளுக்குப் போய்விடுவார், அதிலிருந்துதான் புதுப்புதுக் கூட்டங்கள் முளைக்கின்றன என்று சபைத் தலைவர்கள் கவலைப்படுவதில் உண்மை இருக்கிறது. அப்போஸ்தலர் 8-ல் ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகும் எத்தியோப்பிய மந்திரியிடம், புரிகிறதா என்று பிலிப்பு கேட்கிறார். ஒருவர் வழிகாட்டாவிட்டால் எப்படிப் புரியும் என்பது அவரது பதில். நெகேமியா 8-ல் நீர்வாசலுக்கு முன் எஸ்றா காலை முதல் நண்பகல் வரை நியாயப்பிரமாணத்தை வாசிக்கும்போது, லேவியர்கள் கூட்டத்தின் நடுவே நின்று பொருள் சொல்கிறார்கள். எனவே துணை வேண்டும்: நல்ல விளக்கவுரை, வேத அகராதி, கேள்வி கேட்க அனுமதிக்கும் போதகர், ஒன்றாக வாசிக்க நான்கு பேர். ஆனால் தவறான போதனை எங்கே செழிக்கிறது என்று பார்த்தால், முழுவதும் வாசித்தவர்களிடையே அது அரிது. காணிக்கை கொடுத்தால் நூறு மடங்கு திரும்பும் என்று மேடையில் ஒரு வசனத்தைக் காட்டும்போது, யோபையும் பிரசங்கியையும், சிறையிலிருந்து எழுதிய பவுலையும் வாசித்திராதவர்தான் பையைத் திறக்கிறார். வாசித்தவர் குறைந்தது, அடுத்த வசனம் என்ன என்றாவது கேட்பார். அகுஸ்தீன் பொருள்கொள்வதற்கு ஓர் அளவுகோலும் கொடுத்திருக்கிறார்: கடவுளிடமும் அயலாரிடமும் அன்பைக் கட்டியெழுப்பாத எந்த விளக்கமும் வேதத்தைப் புரிந்துகொண்ட விளக்கம் ஆகாது. தனியே வாசிப்பவரும் மேடையில் பேசுபவரும் ஒரேபோல உட்பட வேண்டிய சோதனை அது.

எழுத்தறியாத கோடிக்கணக்கானோர் விசுவாசத்தோடு வாழ்ந்து மறைந்திருக்கிறார்களே என்பது என்னை அதிகம் யோசிக்க வைத்த ஆட்சேபம். முழு வேத வாசிப்பை இரட்சிப்பின் நிபந்தனையாக்குவது கொடுமை. அந்தப் பொருளில் நான் எதையும் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு முழுமை மறுக்கப்பட வேண்டும் என்று வேதம் நினைக்கவில்லை. ஏழாண்டுக்கு ஒருமுறை ஆண்கள், பெண்கள், குழந்தைகள், ஊரில் தங்கியிருக்கும் அந்நியர் எல்லோரையும் கூட்டி நியாயப்பிரமாணத்தை வாசித்துக் காட்டச் சொல்கிறது உபாகமம் 31. தமிழில் இதற்காக உழைத்தவர்களின் கதையும் இருக்கிறது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த பார்த்தலோமேயு சீகன்பால்க், 1715-க்குள் புதிய ஏற்பாட்டை அங்கேயே அச்சேற்றினார். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் நூல்வரை மொழிபெயர்த்திருந்தபோது 1719-ல் இறந்தார். பெஞ்சமின் ஷுல்ட்சே மீதியைத் தொடர்ந்து 1728-ல் முடித்தார். இந்திய மொழிகளில் முழு வேதாகமம் முதலில் அச்சானது தமிழில். சுவிசேஷங்கள் கையில் இருக்கின்றன, போதும் என்று அவர்கள் நிறுத்திக்கொண்டிருக்கலாம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரோ வேதத்தின் கதையை ‘பெத்லகேம் குறவஞ்சி’யாக்கிப் பாட்டில் கொண்டுபோனார். ஏட்டைத் தொடாதவர்களும் அதைக் காதால் கேட்டார்கள். இன்று முழு வேதத்தின் தமிழ் ஒலிப்பதிவும் கைபேசியில் கிடைக்கிறது. கண்மங்கிய பாட்டிக்குப் பேரப்பிள்ளை அதைப் போட்டுக் கொடுத்தால், உபாகமம் கேட்டது வீட்டிலேயே நடக்கும்.

தொடங்குகிறவருக்குச் சில நடைமுறைகள் உதவும். மூன்று ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால் தீர்க்கதரிசிகளில் பாதி திறந்துவிடும்: கி.மு. 722-ல் அசீரியரிடம் சமாரியா விழுந்தது, 586-ல் பாபிலோனியரிடம் எருசலேம் விழுந்தது, 538-ல் கோரேசின் ஆணையால் சிறைப்பட்டவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். ஆமோசையும் ஓசியாவையும் முதலாவதற்கு முன்னும், எரேமியாவையும் எசேக்கியேலையும் இரண்டாவதைச் சுற்றியும், ஆகாயையும் சகரியாவையும் எஸ்றாவின் பக்கத்திலும் வைத்து வாசிக்கலாம். மாற்கு போன்ற சிறிய சுவிசேஷத்தை ஒரே அமர்வில் முடிப்பது நல்லது. ஒன்றரை மணி நேரம் போதும். புரியாத இடத்தில் நின்றுவிடாமல் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகரலாம். லேவியராகமம் 16-ல், ஆண்டுக்கு ஒருமுறை பிரதான ஆசாரியன் இரத்தத்தோடு திரைக்கு உள்ளே போகும் இடத்தில் போட்ட கேள்விக்குறிக்கு எபிரெயர் 9 வரும்போது பதில் கிடைக்கும். எசேக்கியேலின் சக்கரங்களிலும் தானியேலின் மிருகங்களிலும் போட்டவை வெளிப்படுத்தின விசேஷத்தில் மறுபடி எதிர்ப்படும். சில கேள்விக்குறிகள் இரண்டாம் சுற்றிலும் அழியாமல் இருக்கும். அவற்றை அழிக்க அவசரப்பட வேண்டாம். யோபும் நண்பர்களின் முன் தன் கேள்விகளை விட்டுக்கொடுக்கவில்லை, அவரைத்தான் கடவுள் சரியாகப் பேசியவர் என்றார்.